கையிலுள்ள சுருளுக்குப் பகடை உருட்டுபவர் யார்?

விளையாட்டு விதிநூலை வரலாற்று ஆவணமாகக் கொள்ள இயலுமா என்னும் ஐயம் ஆய்வாளரிடையே இன்னும் உண்டு. இயலும் என்பதே என் கருத்து. அதற்கு ஒரே ஒரு விதியை எடுத்துக்கொள்கிறேன்: 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில், ஒருவர் கையில் பிடித்திருக்கும் பொருளின்மீது மந்திரம் பாய்ந்தால் அப்பொருள் தப்புமா, அழியுமா என்பதை எது தீர்மானிக்கிறது?

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் ஆகிய இருவர் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆட்டம் இது. ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரின் பொறுப்பை ஏற்பர். நடத்துபவர் ஆபத்துகளை விவரிப்பார். நஞ்சோ மந்திரமோ தாக்கும்போது இருபது முகப் பகடையை உருட்டி, குறித்த எண்ணை எட்டினால் தீங்கு நீங்கும் அல்லது குறையும். இதற்கு 'சேவிங் த்ரோ' என்று பெயர். தப்புவீச்சு என்று தமிழில் சொல்லலாம்.

1979இல் வந்த நடத்துநர் கையேட்டில் கைகாக்ஸ் இவ்வீச்சுக்கு ஒரு தத்துவ விளக்கமே தருகிறார். பாறையோடு சங்கிலியால் பிணைக்கப்பட்ட வீரன் டிராகனின் தீமூச்சிலிருந்து எங்ஙனம் தப்புவான்? பாறையில் ஒதுங்க ஒரு பிளவு கிடைத்திருக்கலாம், கட்டிலிருந்து விடுபட வழி தோன்றியிருக்கலாம் என்கிறார். அதாவது, தப்புவீச்சு என்பது கதைமாந்தனுக்கு அளிக்கப்படும் கதைவாய்ப்பு. சரி, அவன் கையிலுள்ள தோற்சுருளுக்கு ஏது கதை? அதற்கு இருப்பது வெறும் பருப்பொருள். ஆகவே அதே கையேட்டில் ஓர் அட்டவணை இடம்பெறுகிறது: ஒருபுறம் எலும்பு, துணி, கண்ணாடி, தோல், உலோகம், மறுபுறம் அமிலம், வீழ்ச்சி, தீ, மின்னல். தீக்கோள மந்திரம் வெடிக்கும்போது ஏந்தியவன் தப்பினால் அவன் உடைமைகளும் தப்பும். அவன் தவறினால் ஒவ்வொரு பொருளும் தன் மூலப்பொருளின் வலிமையைக் கொண்டு தனியே வீச்சைச் சந்திக்க வேண்டும். ஆட்டம் எவ்வளவு நேரம் நின்றுபோயிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

2000இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் நிலை தலைகீழாகிறது. எனக்கு மிகவும் சுவையான கட்டம் இதுவே. யாரும் பற்றியிராத, மந்திரத்தன்மையற்ற பொருளுக்குத் தப்புவீச்சே இல்லை. அது தோற்றதாகவே கொள்ளப்படும். ஆனால் ஒருவர் பற்றியோ தொட்டோ அணிந்தோ இருந்தால், அவருடைய தப்புவலிமை அப்படியே பொருளுக்கும் உரித்தாகும். நொறுக்கும் மந்திரத்தின்முன் மேசைமேல் இருக்கும் குப்பி சிதறும். அதே குப்பி ஒரு மந்திரவாதியின் விரலிடுக்கில் இருந்தால் அவருடைய மனவுறுதி அதைக் காக்கக்கூடும். பரப்பில் வெடிக்கும் தீக்கோளம் போன்றவற்றிலோ, ஏந்தியவரின் பகடையில் 1 விழுந்தாலன்றிப் பொருள் பாதிக்கப்படுவதில்லை. 1 விழுந்தால் எப்பொருள் முதலில் இலக்காகும் என்பதற்கும் வரிசை உண்டு: கேடயம், கவசம், மந்திரத் தலையணி, நான்காவதாகவே கையிலுள்ள பொருள்.

சட்டம் பயில்வோர் இங்கே சற்று நிற்க வேண்டும். பற்றுதல், தொடுதல், அணிதல் ஆகிய மூன்றும் கைவசத்தைக் குறிக்கின்றனவே ஒழிய, உரிமையை அல்ல. ஆயினும் மந்திரப் பொருள்களைப் பற்றிய விதி, பொருள் தன் சொந்த வலிமையையோ 'உரிமையாளரின்' வலிமையையோ, எது மிகுதியோ அதைக் கொள்ளும் என்கிறது. திருடன் கையில் இருக்கும் மந்திரக்கோலுக்கு உரிமையாளர் யார்? விதியை எழுதியோர் ஏந்தியவரையே கருதினர் என்பதில் ஐயமில்லை. எனினும் கைவசமும் உரிமையும் ஒன்றே என்று எண்ணாமல் எண்ணிய பழக்கம் அச்சொல்லில் வெளிப்படுகிறது.

2014இன் ஐந்தாம் பதிப்பு பெரும்பாலும் இச்சிக்கலையே அகற்றிவிட்டது. தீக்கோளம், அணிந்தோ ஏந்தியோ இராத எரிபொருள்களை மட்டும் பற்றவைக்கும். சுருள் தரையில் கிடந்தால் எரியும், எடுத்துக்கொண்டால் எரியாது. விதியின் எளிமைக்காகச் செய்தார்கள் என்பது பொதுவான விளக்கம். அதனுடன் இன்னொன்றையும் சேர்ப்பேன்: ஆடுபவரின் உடைமையைப் பறிப்பது 1979இல் நடத்துநரின் இயல்பான அதிகாரம்; 2014க்குள் அது அத்துமீறலாகிவிட்டது. எஞ்சிய விலக்குகளிலும் இது தெரிகிறது. உலோகத்தைச் சூடாக்கும் மந்திரத்தில் வாளுக்கு எந்தச் சோதனையும் இல்லை; ஏந்தியவரே உடல்வலிமைக்கான வீச்சை உருட்டுகிறார், அதுவும் வாளைக் கீழே போடாமல் இருப்பதற்காக.