துறந்தால்தான் சமத்துவமா? புதுச்சேரிச் சட்ட வரலாற்றில் இரு நீதிக் கோட்பாடுகள்

மனிதர் அனைவரும் பிறப்பால் சம உரிமை உடையவர்கள் என 1789இல் பிரெஞ்சு உரிமைப் பிரகடனம் அறிவித்தது. அதே பிரான்சின் ஆட்சி, புதுச்சேரியில் சாதி வழக்கத்திற்குச் சட்டத் தகுதி வழங்கியது. இம்முரணுக்குப் பின்னால் இரு நீதிக் கோட்பாடுகள் உள்ளன.

முதலாவது, இயற்கை உரிமைக் கோட்பாடு: உரிமை அரசின் கொடையன்று, மனிதராய்ப் பிறந்ததனாலேயே வருவது. இரண்டாவது, மொந்தெஸ்கியு 1748இல் வெளியிட்ட நூலில் விளக்கியது: சட்டம் அந்தந்த மக்களின் தட்பவெப்பம், சமயம், வழக்கம் ஆகியவற்றோடு இயைந்திருக்க வேண்டும். வரம்பற்ற அதிகாரத்துக்கு எதிராகச் சிந்தித்தவர் அவர். ஆயினும் அவ்வாதம் காலனியில் சாதிக்குக் காப்பாயிற்று.

வழக்கமே சட்டம்

1819 ஜனவரி 6ஆம் நாள் ஆணை பிரெஞ்சுச் சட்டத்தொகுப்புகளைப் புதுச்சேரியில் நடைமுறைப்படுத்தியது. ஆனால் இந்தியர்களின் வழக்குகள் அவரவர் சாதி வழக்கப்படியே தீர்க்கப்படும் என்றது. அவ்வழக்கம் எதுவெனக் கூற 1827இல் உள்ளூர்ப் பிரமுகர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு அமைந்தது. வழக்கத்தை வரையறுத்தவர் யார், அதனால் கிணறும் தெருவும் மறுக்கப்பட்டவர் யார் என்னும் கேள்வி எழவில்லை.

துறப்பு என்னும் கதவு

1873இல் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை ஐரோப்பியக் காலணியுடன் நீதிமன்றம் சென்றதற்காகத் தடுக்கப்பட்டார். பாரிசின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று வென்றார். 1881 செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின்கீழ் வர இந்தியர்களை அனுமதித்தது. அவ்வாறு துறந்தவர்களே ‘ரெனோன்சான்’கள். பொன்னுத்தம்பி ஏற்ற புதுப்பெயர் ‘லாபோர்த்’. கதவு என்பது அதன் பொருள். தலித்துகளும் கிறித்தவர்களும் பலர் அக்கதவின் வழியே சென்றனர்.

அது உண்மையான விடுதலை வேட்கை. ஆனால் சட்டம் தனிமனிதரை வெளியேற அனுமதித்ததேயன்றி, அவர் விட்டு வந்த சாதி அமைப்பைத் தொடவில்லை. ஒடுக்கப்பட்டவரே மாற வேண்டும். ஒடுக்குபவர் அப்படியே இருக்கலாம்.

அம்பேத்கரின் மறுமொழி

1954 அக்டோபர் 3 அன்று வானொலி உரையில் அம்பேத்கர், சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றைத் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து பெறவில்லை, புத்தரிடமிருந்தே பெற்றதாகக் கூறினார். அதே மாதம் 18ஆம் நாள் கீழூரில் நடந்த வாக்கெடுப்பு, புதுச்சேரி இந்தியாவுடன் இணைய வழிவகுத்தது.

அவர் தலைமையில் வரைவு செய்யப்பட்ட அரசமைப்புச் சட்டம் 1819இன் தர்க்கத்தைத் தலைகீழாக்கியது. 13ஆம் பிரிவின்படி ‘சட்டம்’ என்பதில் வழக்கமும் அடங்கும். அடிப்படை உரிமைக்கு முரணான வழக்கம் செல்லாது. 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. இங்கு மாற வேண்டியது சமூகம்.

எனினும் பழைய நிபந்தனை முற்றிலும் அகலவில்லை. புதுச்சேரிக்கான 1964ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணை இன்றும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தினரை மட்டுமே ஏற்கிறது. தலித் கிறித்தவர் சமயம் மாறியும் சாதி அவரை விடுவதில்லை; பாதுகாப்பு மட்டும் விட்டு விலகுகிறது. அன்று உரிமை பெற ஒன்றைத் துறக்கச் சொன்னது சட்டம். இன்றும் அதையே சொல்கிறது. எதையும் துறக்காமல் கிடைப்பதே உரிமை.