ரோட்டரி சங்கம்

ஒரே ஊரில் வெவ்வேறு தொழில் செய்வோர் கூடிப் பழகவும், அந்தப் பழக்கத்தின் பலத்தில் ஊருக்கு உதவவும் ஏற்பட்ட தன்னார்வ அமைப்பு. 1905 பிப்ரவரி 23 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் தொடங்கியது. இன்று உலகெங்கும் ஏறத்தாழ 12 லட்சம் உறுப்பினர்கள் உள்ளனர். இந்தியாவில் 1919 முதலும், சென்னையிலும் கொழும்பிலும் 1929 முதலும் இயங்கிவருகிறது. சேவைக் கிளப்புகள் என்று இப்போது அழைக்கப்படுபவற்றுள் இதுவே மூத்தது. கிவானிஸ் (1915), லயன்ஸ் (1917) இரண்டும் இதற்குப் பின் வந்தவை. கூடிப் பழகுவது முதன்மையா, தொண்டு செய்வது முதன்மையா என்ற விவாதம் சங்கம் பிறந்த அடுத்த ஆண்டே எழுந்தது. அதன் வரலாற்றில் நடந்த பல மாற்றங்களுக்கு இந்த விவாதமே காரணம்.

சிகாகோ ஆண்டுகள் (1905–1910)

சங்கத்தைத் தோற்றுவித்த பால் ஹாரிஸ் 1868இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீன் நகரில் பிறந்தார். தந்தையின் வியாபாரம் நொடித்துப்போனதால் வெர்மான்ட் மாநிலத்தின் வாலிங்ஃபோர்ட் என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார். சட்டம் படித்து முடித்தபின் ஐந்தாண்டுகள் பத்திரிகை நிருபர், மாட்டுக் கப்பல் ஊழியர், சலவைக்கல் விற்பனையாளர் என்று பல வேலைகள் பார்த்துவிட்டு, 1896இல் சிகாகோவில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். வேலை நாள்களில் ஆள்கூட்டம் சூழ்ந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பேச ஆளில்லை. 1900ஆம் ஆண்டில் ஒருநாள் சக வக்கீல் ஒருவரின் வீட்டில் இரவு உணவுக்குப் பின் இருவரும் உலாவப் போனார்கள். வழியில் ஒவ்வொரு கடைக்காரரையும் நண்பர் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரித்ததைப் பார்த்ததும் ஹாரிஸுக்கு வாலிங்ஃபோர்ட் நினைவு வந்தது. அந்த ஊர்ப் பழக்கத்தை மாநகரில் உண்டாக்க முடியுமா என்ற எண்ணம் அன்று தோன்றியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

முதல் கூட்டம் பற்றிய விவரங்கள் நன்றாகவே பதிவாகியுள்ளன. ஹாரிஸும் நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலும் மேடம் காலி என்ற இத்தாலிய உணவகத்தில் சாப்பிட்டுவிட்டு, டியர்பார்ன் தெருவிலிருந்த யூனிட்டி கட்டடத்தின் 711ஆம் அறைக்கு நடந்தார்கள். அது சுரங்கப் பொறியாளர் கஸ்டாவஸ் லோரின் அலுவலகம். தையற்கடை நடத்திய ஹைரம் ஷோரியும் அங்கே வந்து சேர்ந்தார். நால்வருமே சிற்றூர்களிலிருந்து பிழைப்புக்காக மாநகருக்கு வந்தவர்கள். இவர்களுள் லோரும் ஷோரியும் விரைவிலேயே விலகிவிட்டார்கள். ஷீல் முதல் தலைவரானார். இரண்டாவது கூட்டம் ஹாரிஸின் அலுவலகத்திலும் மூன்றாவது ஷீலின் நிலக்கரிக் கிடங்கிலும் நடந்தன. இப்படி உறுப்பினர்களின் பணியிடங்களில் சுழற்சி முறையில் கூடியதால்தான் சங்கத்துக்குச் ‘சுழலும்’ என்று பொருள்படும் இந்தப் பெயர் வந்தது. முறை வந்த உறுப்பினர் தம் தொழிலின் நெளிவுசுளிவுகளை மற்றவர்களுக்கு விளக்குவார். ஒரு தொழிலுக்கு ஓர் உறுப்பினரே என்ற விதியும் இருந்தது. போட்டியாளர் ஒருவரும் இல்லாத அறையில் மனம்விட்டுப் பேச முடிந்தது. ‘மிஸ்டர்’ போடாமல் முதற்பெயரால் அழைத்துக்கொள்ள வேண்டும் என்பதிலும் கண்டிப்பு இருந்தது.

இரண்டாவது கூட்டத்தில் சேர்ந்த அச்சக உரிமையாளர் ஹாரி ரகிள்ஸைத் தனியே குறிப்பிட வேண்டும். கூட்டங்களில் எல்லோரையும் சேர்ந்து பாடவைத்தவர் அவர். களைத்துப்போன கூட்டத்துக்கு உற்சாகமூட்ட நாற்காலிமேல் ஏறிப் பாடத் தொடங்கினார் என்பது ஒரு வரலாறு. விரசமான கதை சொல்லத் தொடங்கிய ஒருவரை இடைமறிக்கவே பாடினார் என்பது இன்னொரு வரலாறு. இரண்டும் வெவ்வேறு நாள்களில் நடந்திருக்கவும் கூடும். வரவுசெலவும் தீர்மானமுமாகக் காலத்தில் கரைந்துபோயிருக்கக்கூடிய ஒரு வியாபாரிகள் சங்கம் நிலைத்ததில் இந்தப் பாட்டுக்குக் கணிசமான பங்கு உண்டு.

1906 ஜனவரியில் எழுதப்பட்ட முதல் விதிகளில் இரண்டே நோக்கங்கள் இருந்தன: உறுப்பினர்களின் வியாபார வளர்ச்சி, அவர்களுக்குள் நல்லுறவு. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் பிடித்துக் கொடுத்தார்கள் என்று கணக்கெழுத ஒரு பொறுப்பாளரும் இருந்தார். அந்த ஆண்டு கண்ணாடித் தொழில் செய்த ஃபிரெடரிக் ட்வீட், காப்புரிமை வக்கீல் டொனால்ட் கார்ட்டரைச் சங்கத்தில் சேர அழைத்தார். விதிகளைப் படித்துப் பார்த்த கார்ட்டர், தன் உறுப்பினர்களைத் தவிர வேறு யாருக்கும் பயன்படாத சங்கம் நீடிக்காது என்று சொல்லி மறுத்துவிட்டார். அப்படியானால் விதியைத் திருத்தித் தாருங்கள் என்று ட்வீட் கேட்க, கார்ட்டர் இசைந்தார். சிகாகோ நகரின் நலனையும் நகரத்தவரின் குடிமைப் பற்றையும் வளர்ப்பது என்ற மூன்றாவது நோக்கம் இப்படித்தான் சேர்ந்தது. தொண்டு என்ற எண்ணம் சங்கத்துக்குள் நுழைந்தது, சேர மறுத்த ஒருவரின் கையால்.

முதல் தொண்டு எது என்பதில் நூல்கள் ஒத்துப்போவதில்லை. குதிரை இறந்துபோனதால் கிராமங்களுக்குப் போக முடியாமல் தவித்த ஒருவருக்கு உறுப்பினர்கள் பணம் போட்டு வேறு குதிரை வாங்கித் தந்ததைச் சிலர் முதலில் வைக்கிறார்கள். அவரைப் போதகர் என்கின்றன சில ஏடுகள், மருத்துவர் என்கின்றன வேறு சில. முதல் பொதுப்பணி எது என்பதில் மட்டும் ஐயமில்லை. 1907இல் தலைவரான ஹாரிஸ், நகர மன்றத்தருகே பொதுக் கழிப்பறை கட்ட வேண்டுமென்று இயக்கம் தொடங்கினார். அன்றைய சிகாகோவின் நடுப்பகுதியில் வெளியூரிலிருந்து வருவோர் அவசரத்துக்கு மதுக்கடைக்கோ பெரிய துணிக்கடைக்கோ நுழைய வேண்டியிருந்தது. நுழைந்தால் எதையாவது வாங்காமல் வெளியே வருவது கடினம். ஆகவே மது ஆலைக்காரர்களும் ஸ்டேட் தெருக் கடைக்காரர்களும் திட்டத்தை எதிர்த்தார்கள். ரோட்டரி மற்ற குடிமை அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு விடாமல் முயன்றது; 1909இல் கழிப்பறை திறக்கப்பட்டது. பள்ளிகளில், குறிப்பாகப் பெண்குழந்தைகளுக்குக் கழிப்பறை கட்டித் தருவது இன்றும் தமிழ்நாட்டு ரோட்டரி சங்கங்களின் வழக்கமான பணிகளுள் ஒன்று.

யூனிட்டி கட்டடம் 1989இல் இடிக்கப்பட்டது. அதற்குள் ரோட்டரி அன்பர்கள் 711ஆம் அறையின் கதவு முதலான பகுதிகளைக் கழற்றிப் பாதுகாத்தனர். அவற்றைக் கொண்டு அந்த அறை, எவன்ஸ்டனிலுள்ள ரோட்டரி தலைமையகத்தில் மறுபடி அமைக்கப்பட்டுள்ளது.

விரிவும் கொள்கையும்

சிகாகோ உறுப்பினர் மானுவல் முன்யோஸ் தொழில் நிமித்தமாக சான் ஃபிரான்சிஸ்கோ சென்றபோது, அங்கே ஹோமர் வுட் என்ற வக்கீலிடம் சங்கத்தைப் பற்றிச் சொன்னார். 1908 நவம்பரில் அங்கே இரண்டாவது சங்கம் தோன்றியது. மூன்றாவதான ஓக்லண்ட் சங்கம் வாரந்தோறும் மதிய உணவோடு கூடும் முறையைக் கொண்டுவந்தது. 1910 ஆகஸ்டில் 16 சங்கங்கள் சேர்ந்து தேசிய அமைப்பை ஏற்படுத்தின. அதன் செயலாளரான செஸ்லி பெர்ரி 1942 வரை அப்பொறுப்பில் நீடித்தார். ஹாரிஸ் கனவு கண்டார், பெர்ரி கட்டினார் என்று சொல்லும் வழக்கம் ரோட்டரி வட்டத்தில் உண்டு. கனடாவின் வின்னிபெக், அயர்லாந்தின் டப்ளின் வழியாக இயக்கம் அமெரிக்க எல்லையைக் கடந்தது. 1922இல் ‘ரோட்டரி இன்டர்நேஷனல்’ என்ற இன்றைய பெயரைப் பெற்றது.

தன்னலத்துக்கு மேலாகச் சேவையை வைக்கும் முழக்கத்தின் தொடக்கம் மினியாபொலிஸ் சங்கத்தின் பென் காலின்ஸ் 1911 போர்ட்லண்ட் மாநாட்டில் பேசிய பேச்சு என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர் சொன்ன பொருளும் இன்றைய முழக்கத்தின் பொருளும் ஒன்றுதானா என்பது விவாதத்துக்குரியது.

1910களின் இறுதியில், கூடிப் பழகுவதா தொண்டா என்ற பழைய கேள்வி பெரிதாக எழுந்தது. ஒஹையோ மாநிலத்தில் எட்கர் ஆலன் என்பவர் டிராம் விபத்தில் மகனை இழந்தபின் மருத்துவமனை எழுப்பினார். 1919இல் உடல் ஊனமுற்ற குழந்தைகளுக்கான சங்கத்தைத் தொடங்கினார். ஒஹையோ ரோட்டரியினர் அவருக்குத் தோள்கொடுத்தார்கள். எல்லாச் சங்கங்களும் இதே பணியை மேற்கொள்ள வேண்டும் என்றனர் சிலர். உறுப்பினரைப் பண்படுத்தி அனுப்புவதே சங்கத்தின் வேலை, தொண்டு அவரவர் பொறுப்பு என்றனர் வேறு சிலர். 1923 செயின்ட் லூயிஸ் மாநாட்டின் 34ஆம் தீர்மானம் இரு தரப்பையும் ஏற்றுச் சமரசம் கண்டது: ஒவ்வொரு சங்கமும் தன் ஊருக்கு ஏற்ற பணியைத் தானே தேர்ந்துகொள்ளலாம், தலைமை எதையும் கட்டாயப்படுத்தாது. ஓர் ஊரில் ரத்ததானம், அடுத்த ஊரில் மரம் நடுதல், இன்னோர் ஊரில் எரிவாயு தகன மேடை என்று இன்று காணும் பன்மைக்கு அடிப்படை இந்தத் தீர்மானமே.

கூட்டங்களில் சொல்லப்படும் நான்கு வழிச் சோதனை, 1932இல் நொடிக்கும் நிலையிலிருந்த அலுமினியப் பாத்திர நிறுவனம் ஒன்றை மீட்க ஹெர்பர்ட் டெய்லர் தம் ஊழியர்களுக்காக எழுதியது. சொல்வது உண்மையா, எல்லோருக்கும் நியாயமா என்று தொடங்கும் அதை ரோட்டரி 1943இல் ஏற்றது. நாஜி ஆட்சியின்கீழ் ஜெர்மனிச் சங்கங்கள் 1937இல் கலைக்கப்பட்டன. போருக்குப் பின் மீண்டன.

இந்தியாவும் இலங்கையும்

இந்தியாவின் முதல் சங்கம் 1919இல் கல்கத்தாவில் தோன்றியது. தொடக்கத்தில் ஐரோப்பிய வணிகர்களே அதில் மிகுதி. அடுத்த பெரிய அலை கனடாவின் கால்கரியைச் சேர்ந்த ஜேம்ஸ் டேவிட்சனால் வந்தது. இளமையில் துருவப் பயணி பியரியின் கிரீன்லாந்துப் பயணத்தில் பங்கேற்ற இவர், 1928இல் மனைவி லிலியனோடும் மகளோடும் கிளம்பி, துருக்கியிலிருந்து கிழக்கே ஊர் ஊராகச் சங்கம் அமைத்துக்கொண்டே போனார். சென்னை, கொழும்பு, கோலாலம்பூர், பினாங்கு, சிங்கப்பூர் என்று தமிழர் வாழும் நகரங்களை இணைத்த கோடு அது. வெள்ளையரும் உள்நாட்டவரும் ஒரே மேசையில் உணவருந்துவது பல கிளப்புகளில் நினைத்துப் பார்க்க முடியாதிருந்த காலத்தில், இந்த மேசைகளில் அது நடந்தது.

விடுதலைக்குப் பின் சங்கம் மாவட்டத் தலைநகரங்களுக்கும் வட்டத் தலைநகரங்களுக்கும் பரவியது. கல்கத்தாவின் நிதிஷ் லாஹரி 1962–63இல் உலகத் தலைவரானார். ஆசியர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல்முறை. பள்ளி மாணவர்களுக்கான இன்டராக்ட் அவர் ஆண்டில்தான் தோன்றியது. இளைஞர்களுக்கான ரோட்டராக்ட் 1968இல் வந்தது. பின்னர் சண்டிகரின் ராஜேந்திர சாபு, வாபியின் கல்யாண் பானர்ஜி, கொழும்பின் கே.ஆர். ரவீந்திரன், கொல்கத்தாவின் சேகர் மேத்தா ஆகியோரும் அப்பதவியை வகித்தனர்.

தமிழ்நாட்டுச் சிறுநகரக் கூட்டம் ஒன்று பெரும்பாலும் இப்படி நடக்கும். தலைவர் பதக்கச் சங்கிலி அணிந்து மணியை அடிப்பார். தமிழ்த்தாய் வாழ்த்தோ இறைவணக்கமோ முடிந்து நான்கு வழிச் சோதனை ஒலிக்கும். அந்த வாரம் பிறந்தநாள், திருமண நாள் கொண்டாடுவோர் எழுந்து நிற்க வாழ்த்துப் பாடப்படும். பிறகு செயலாளர் அறிக்கை, விருந்தினர் உரை, நன்றியுரை, சாப்பாடு. உரக்கடைக்காரரும் பல் மருத்துவரும் ஆடிட்டரும் கட்டட ஒப்பந்தக்காரரும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். அடுத்த மாதக் கண் சிகிச்சை முகாமுக்கு யார் பந்தல், யார் சாப்பாடு, மருத்துவமனை வேனுக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் மேடையில் பேசி முடிவாவதைவிட இந்தப் பந்தியில் முடிவாவதே அதிகம். வேலை நிமித்தமாக வெளியூர் போன உறுப்பினர் அங்குள்ள சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு தம் வருகையை ஈடுசெய்யலாம். முன்பின் அறியாத ஊரில் நட்பு கிடைக்க இது எளிய வழி. சிகாகோவில் பட்டம் போடாமல் பெயர் சொல்வது விதி என்றால், இங்கே அழைப்பிதழில் ஒவ்வொரு பெயருக்கும் முன் ‘ரொட்டேரியன்’ இடம்பெறும். அதுவும் ஒருவகையில் எல்லோரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

இச்சங்கங்களின் வரலாறு பெரும்பாலும் வெள்ளிவிழா, பொன்விழா மலர்களிலும் கையெழுத்து நடவடிக்கைக் குறிப்பேடுகளிலும் சிதறிக் கிடக்கிறது.

போலியோ ஒழிப்பு

1979இல் பிலிப்பைன்சில் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் திட்டத்தோடு ரோட்டரியின் போலியோ ஒழிப்புப் பணி தொடங்கியது. 1985இல் ‘போலியோ பிளஸ்’ என்று உலகளவில் விரிந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் டி. ஜேக்கப் ஜான் வேலூர் ரோட்டரியுடன் சேர்ந்து, 1980களில் ஒரே நாளில் ஊர் முழுவதும் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை நடத்திக் காட்டினார். பின்னாளில் நாடு தழுவி நடந்த பல்ஸ் போலியோ முகாம்களுக்கு இது முன்னோடி. இலங்கைப் போர்க்காலத்தில் குழந்தைகளுக்கு மருந்து கொடுப்பதற்காகவே சண்டையை நிறுத்திவைக்கும் நாள்களுக்கு இரு தரப்பையும் இசையச் செய்ததில் கே.ஆர். ரவீந்திரனுக்குப் பங்குண்டு. முகாம் நாளன்று பேருந்து நிலையத்திலும் ரேஷன் கடை வாசலிலும் உட்கார்ந்து, மருந்து குடித்த குழந்தையின் இடக்கைச் சுண்டுவிரலில் மை வைத்தவர்களோடு உள்ளூர் ரோட்டரியினரும் இருந்தனர். இந்தியாவின் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் ஹௌராவில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானிலும் நோய் இன்னும் ஒழியவில்லை.

பெண்கள்

நெடுங்காலம் ரோட்டரி ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. உறுப்பினர்களின் மனைவியர் 1924இல் மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் தலைமையில் இன்னர் வீல் என்ற தனிச் சங்கம் அமைத்தனர். தமிழ்நாட்டிலும் அது செயல்படுகிறது. 1977இல் கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே சங்கம் பெண்களைச் சேர்த்ததால் அடுத்த ஆண்டு அதன் பட்டயம் பறிக்கப்பட்டது. அச்சங்கம் கலையவில்லை, ‘முன்னாள் ரோட்டரி’ என்று தன்னை அழைத்துக்கொண்டு கூடிவந்தது. 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1989இல் உலகெங்கும் விதி மாறியது. மாற்றம் தாமதமாகவே வந்தது என்பதை இயக்கத்தினரும் ஒப்புக்கொள்கிறார்கள். கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ் 2022–23இல் முதல் பெண் உலகத் தலைவரானார்.

அண்மைக் காலம்

2016இல் வாராந்திரக் கூட்ட விதி தளர்த்தப்பட்டது. மாதம் இருமுறை கூடுவதும் இணையவழிக் கூட்டமும் பரவலாகியுள்ளன. 2019இல் ரோட்டராக்ட் சங்கங்கள் உறுப்பினர் அமைப்புகளாக ஏற்கப்பட்டன. கூட்டங்கள் குறைந்தது தோழமையைப் பாதித்திருக்கிறதா என்பதில் சங்கங்களுக்குள்ளேயே இருவேறு கருத்துகள் உள்ளன. வாராந்திர முறையை விடாமல் பின்பற்றும் சங்கங்களும் இருக்கின்றன.