ஒரே ஒரு புள்ளி: கோயம்புத்தூர்ல ஒரு சாம்பியன் இருந்துச்சு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகக் கொஞ்சம் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். இந்தியாவோட தேசிய கால்பந்து லீக்கை ஒரு தமிழ்நாட்டு கிளப் ஜெயிச்சிருக்கு. அது எந்த கிளப்?

உங்கள்ல பாதிப் பேர் "சென்னையின் எஃப்சி"ன்னு சொல்லியிருப்பீங்க. சென்னையின் ஜெயிச்சது ஐஎஸ்எல் கோப்பை. 2015, 2018னு ரெண்டு தடவை ஜெயிச்சாங்க, அதுல சந்தேகமே இல்லை. நான் கேட்கிறது ஐ-லீக். 2007ல ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி 1996லேர்ந்து நேஷனல் ஃபுட்பால் லீக்ங்கிற பேர்ல நடந்தது. கிழக்கு வங்கம், மோகன் பகான், டெம்போ, சர்ச்சில் பிரதர்ஸ்னு பெரிய பெரிய பேரெல்லாம் மோதின லீக். அதை 2018-19 சீசன்ல ஜெயிச்சது சென்னை சிட்டி எஃப்சி. ஜெயிச்ச இடம் சென்னை இல்லை, எங்க ஊரு கோயம்புத்தூர்.

அந்த சீசன்ல நான் காலேஜ் இரண்டாம் வருஷம். அந்த கிளப்போட ரசிகன். "ரசிகனா இருந்தேன்"னு சொல்லணுமா, "ரசிகனா இருக்கேன்"னு சொல்லணுமான்னு எனக்கே இன்னும் தெளிவில்லை. ஏன்னு கடைசில சொல்றேன்.

பேருல சென்னை, ஊருல கோவை

முதல்ல கொஞ்சம் பின்கதை. இந்த கிளப்போட வேர் 1946ல இருக்கு. சென்னை நுங்கம்பாக்கத்துல, நுங்கம்பாக்கம் ஃபிரெண்ட்ஸ் ரிக்ரியேஷன் கிளப்ங்கிற பேர்ல தொடங்கினது. பல வருஷம் சென்னை லீக்ல ஆடின அணி. பிறகு பேர் மாறி, சென்னை சிட்டி ஆகி, 2016-17 சீசன்ல ஐ-லீக்குக்குள்ள வந்துச்சு. அதுக்கு முன்னாடி இந்தியன் வங்கி அணி தேசிய லீக்ல ஆடியிருக்கு. அதுக்கப்புறம் தமிழ்நாட்டுக்கு அந்த மேடையில ரொம்ப நாள் இடமே இல்லை.

வந்த அணி ஹோம் கிரவுண்டா எடுத்துக்கிட்டது கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தை. வ.உ.சி. பூங்கா பக்கத்துல, சுத்தி வரிசையா கடைங்க இருக்கிற அதே ஸ்டேடியம்தான்.

எங்க பெரியப்பா ஒரு மில்லுல வேலை பார்த்தவர். அந்தக் காலத்துல மில் டீமுக்கு லெஃப்ட் பேக் ஆடினவர். முதல் தடவை நான் மேட்சுக்குக் கூப்பிட்டப்ப அவர் சொன்னது: "ஏங்கண்ணு, பேருல சென்னை, ஆடுறது நம்மூர்ல. நாம எதைச் சொல்லிக் கத்துறது?"

நியாயமான கேள்விதானுங்க. முதல் ரெண்டு சீசனும் அணி பட்டியலோட கீழ்ப்பாதியிலதான் முடிச்சது. ஸ்டேடியத்துல நாங்க சில பேர், அப்புறம் புறாக்கள். பெரியப்பா வரவே இல்லை.

நாலு ஸ்பெயின்காரங்களும் நம்ம பசங்களும்

2018ல அணிக்குப் பயிற்சியாளரா வந்தவர் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ். பந்தைத் தூக்கி அடிச்சிட்டு பின்னாடியே ஓடுற ஆட்டம் அவருக்குப் பிடிக்காது. தரையோட சின்னச் சின்ன பாஸ், பந்து நம்மகிட்டயே இருக்கணும், அவ்வளவுதான்.

அதுக்கு ஏத்த மாதிரி ஸ்பெயின்லேர்ந்து ஆளுங்க வந்தாங்க. டிஃபென்ஸ்ல ராபர்ட்டோ எஸ்லாவா, நடுவுல சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நெஸ்டர் கோர்டியோ, முன்னாடி பெட்ரோ மான்சி. யாரும் பார்சிலோனா, மாட்ரிட் பிரபலங்கள் இல்லை. மான்சி ஸ்பெயினோட கீழ்நிலை லீக்குகள்ல ஆடிட்டு வந்தவர். அவங்ககூட நம்ம பசங்க: அலெக்சாண்டர் ரோமாரியோ ஜேசுராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித்குமார், விஜய் நாகப்பன். தேசிய அளவுல யாரும் கேள்விப்படாத பேருங்க அப்போ.

முதல் மேட்ச், 2018 அக்டோபர் 26. எதிரணி இந்தியன் ஆரோஸ். 4-1. மான்சி ஹாட்ரிக். அன்னைக்கு வீட்டுக்குப் போய் பெரியப்பாகிட்ட ஃபோன்ல ஹைலைட்ஸ் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார். "பந்தை நிறுத்துறான் பாரு, காலுலயே ஒட்டிக்குது"ன்னார். அடுத்த ஹோம் மேட்சுக்கு என் வண்டியில பின்னாடி உட்கார்ந்தார். கையில ஒரு குட்டி நோட்டு. யார் கோல் அடிச்சா, எந்த நிமிஷம், அவ்வளவுதான் எழுதுவார். அந்த நோட்டு இப்போ என்கிட்ட இருக்கு. இந்த எபிசோடுக்குப் பாதி ஆதாரம் அதுதான்.

கோப்பையை முடிவு செஞ்ச ரெண்டு மேட்ச்

எல்லாரும் கடைசி நாளைத்தான் பேசுவாங்க. என்னைக் கேட்டா, பட்டம் கைக்கு வந்தது அதுக்கு ரொம்ப முன்னாடியே, கிழக்கு வங்கத்துக்கு எதிரான ரெண்டு மேட்ச்ல.

கிழக்கு வங்கம் 1920ல தொடங்கின கிளப். நூற்றாண்டு நெருங்குது. நேஷனல் லீக்கை மூணு தடவை ஜெயிச்சிருக்காங்க, ஆனா ஐ-லீக் ஆனதுக்கப்புறம் ஒரு தடவைகூட இல்லை. அந்த ஏக்கத்தோட அந்த வருஷம் ஆடினாங்க. நவம்பர்ல கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்துல அவங்களை 2-1ன்னு ஜெயிச்சோம். ஜனவரியில, பொங்கல் சமயத்துல, கோயம்புத்தூர்ல மறுபடியும் 2-1.

சீசன் முடிவுல எங்களுக்கு 43 புள்ளி, அவங்களுக்கு 42. அந்த ரெண்டுல ஒண்ணு டிராவா போயிருந்தாகூட நான் இன்னைக்கு இந்த எபிசோடே பண்ணியிருக்க மாட்டேன்.

இன்னொரு விஷயமும் அதே சமயம் நடந்துட்டு இருந்தது. சீசன் நடுவுலேயே ஐ-லீக் மேட்சுகளோட டிவி நேரடி ஒளிபரப்பைக் குறைச்சுட்டாங்க. 2014ல வந்த ஐஎஸ்எல் பக்கம் காசு, நட்சத்திரம், விளம்பரம் எல்லாம் போயிட்டு இருந்துச்சு. எங்க அணி பட்டியல்ல முதல் இடத்துல இருக்கு, ஆனா லீக்கே ஓரத்துக்குத் தள்ளப்படுது. அப்போ எங்களுக்கு அது முழுசா உறைக்கலை. ஜெயிச்சிட்டா எல்லாம் சரியாயிடும்னு நினைச்சோம்.

மார்ச் 9, சாயங்காலம் 5 மணி

கடைசிக்கு முந்தின மேட்ச்ல சர்ச்சில் பிரதர்ஸ்கிட்ட தோத்தோம். அன்னைக்கே முடிஞ்சிருக்க வேண்டியது கடைசி நாளுக்கு இழுத்துச்சு. நாங்க 40, கிழக்கு வங்கம் 39. எங்களுக்கு கோயம்புத்தூர்ல மினர்வா பஞ்சாப், அதாவது முந்தின வருஷ சாம்பியன். அவங்களுக்கு கோழிக்கோட்டுல கோகுலம் கேரளா. ரெண்டு மேட்சும் ஒரே நேரம். பாலக்காடு வழியா பஸ் ஏறினா மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ற தூரத்துல எங்க தலையெழுத்தோட மறுபாதி நடந்துட்டு இருக்கு.

அன்னைக்கு ஸ்டேடியம் நிரம்பி வழிஞ்சுது. ரெண்டு வருஷம் முன்னாடி எண்ணிச் சொல்ற அளவுக்கு ஆள் இருந்த அதே கேலரி.

மூணாவது நிமிஷம், மினர்வாவோட ரோலண்ட் பிலாலா கோல். 0-1. பெரியப்பா நோட்டுல எழுதிட்டு பேனாவை மூடிட்டார். இடைவேளை வரைக்கும் அதே ஸ்கோர். எல்லார் கையிலும் ஃபோன். கோழிக்கோட்டுல 0-0. அந்த நிமிஷக் கணக்குப்படி ரெண்டு பேருக்கும் 40. நேரடி மோதல்ல நாங்கதான் மேல, அதனால அப்பவும் பட்டம் எங்களோடது. ஆனா கிழக்கு வங்கம் ஒரே ஒரு கோல் அடிச்சா கதை முடிஞ்சுது.

56வது நிமிஷம் பெனால்டி. மான்சி. 1-1. அவரோட அந்த சீசன் கணக்கு 21 கோல். சர்ச்சில் பிரதர்ஸோட வில்லிஸ் பிளாசாவும் 21 அடிச்சு சமமா நின்னார்.

69வது நிமிஷம் டிஃபெண்டர் கௌரவ் போரா கோல். 2-1. ஏறக்குறைய அதே நேரம் கோழிக்கோட்டுல மார்கஸ் ஜோசப் கோகுலத்துக்கு ஒரு கோல் போட்டார். கேலரியில மலையாளிப் பசங்க சில பேர் "கோகுலம்! கோகுலம்!"னு கத்தினாங்க, நாங்களும் கூடச் சேர்ந்து கத்தினோம். ஜெயிச்சாச்சுன்னு நினைச்சோம். பத்து நிமிஷம்தான். கிழக்கு வங்கம் சமன் பண்ணுச்சு, பிறகு இன்னொண்ணும் போட்டு 2-1ன்னு முன்னாடி போயிடுச்சு.

இப்போ கணக்கு ரொம்ப எளிமை. நாங்க ஒரு கோல் விட்டா 41. அவங்க 42. பட்டம் கொல்கத்தாவுக்கு.

அந்தக் கடைசி நிமிஷங்கள்ல நான் மேட்சே பார்க்கலை. பெரியப்பாவோட கையைப் பார்த்துட்டு இருந்தேன். பேனா மூடி போட்டு, திறந்து, போட்டு, திறந்து. கூடுதல் நேரத்துல போரா இன்னொரு கோல். 3-1. பெரியப்பா எழுதலை. நோட்டுல அந்த மூணாவது கோல் இன்னைக்கும் இல்லை. அவர் எழுந்து நின்னு என்னமோ கத்திட்டு இருந்தார். "சென்னை"ன்னு கத்தினாரா, "கோவை"ன்னு கத்தினாரான்னு அந்தச் சத்தத்துல எனக்குக் கேட்கலை.

அதுக்கப்புறம்

ஜெயிச்ச கையோட சூப்பர் கப்ல ஐஎஸ்எல் சாம்பியன் பெங்களூரு எஃப்சியையே காலிறுதியில 2-1ன்னு ஜெயிச்சோம். அரையிறுதியில கோவாகிட்ட தோத்தோம். சுவிட்சர்லாந்தோட எஃப்சி பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்குச்சு. எல்லாம் மேல போற மாதிரித்தான் இருந்தது.

ஆனா 2019 அக்டோபர்ல ஆசிய கால்பந்து கூட்டமைப்பு ஒரு வரைபடத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதுப்படி ஐஎஸ்எல்தான் நாட்டோட முதல்நிலை லீக். ஐ-லீக் ஜெயிக்கிற அணி நுழைவுக் கட்டணம் இல்லாம மேல போகலாம், ஆனா அது 2022-23 சீசன்லேர்ந்துதான். அதுக்கு நாலு வருஷம் முன்னாடி ஜெயிச்ச எங்களுக்குக் கதவே கிடையாது.

கதவு இல்லைன்னா ஆட்டக்காரங்க எதுக்கு நிப்பாங்க? அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. வான்ஸ்பால் சென்னையின் எஃப்சிக்குப் போனார். கோர்டியோ ஹைதராபாத். மான்சி 2020 ஜனவரியில ஜப்பான். ரோமாரியோ கோவா, அஜித்குமார் பெங்களூரு. பிறகு கொரோனா. 2020-21 ஐ-லீக் முழுசும் வங்காளத்துலயே நடந்தது, ஹோம் மேட்ச்னு ஒண்ணே இல்லை. நாங்க கீழே இறங்கக்கூடிய அணிகளோட பிரிவுல தவிச்சோம். 2021-22 சீசன் பட்டியல் வந்தப்ப அதுல எங்க பேரே இல்லை. ஜெயிச்சு மூணு வருஷம்கூட ஆகலை.

இப்போ ஒரு விஷயம் சொல்றேன், சிரிக்கிறதா அழறதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. அந்த மார்ச் 9ஆம் தேதி நாங்க ஜெயிச்சோமே, மினர்வா பஞ்சாப், அந்த கிளப்பை ரவுண்ட்கிளாஸ் நிறுவனம் வாங்குச்சு. 2022-23ல அவங்க ஐ-லீக் ஜெயிச்சாங்க. கதவு திறந்திருந்தது. பஞ்சாப் எஃப்சிங்கிற பேர்ல ஐஎஸ்எல்லுக்குள்ள போயிட்டாங்க. அன்னைக்குத் தோத்த அணி மேல ஏறுச்சு, ஜெயிச்ச அணி காணாமப் போச்சு.

அப்போ எதுக்கு இந்த எபிசோடு?

ஒரு பெரிய கிளப்னா அருங்காட்சியகம் இருக்கும், பழைய ஜெர்ஸியைக் கண்ணாடிக்குள்ள வெச்சிருப்பாங்க, வருஷா வருஷம் அந்த நாளைக் கொண்டாடுவாங்க. இல்லாமப் போன கிளப்போட வரலாற்றை யார் வெச்சிருப்பா? பட்டியல்ல ஒரு வரி இருக்கும்: 2018-19, சென்னை சிட்டி. 20 மேட்ச், 43 புள்ளி. அவ்வளவுதான். மத்ததெல்லாம் அந்த கேலரியில உட்கார்ந்திருந்தவங்ககிட்டதான் இருக்கு.

போன மாசம் ஊருக்குப் போனப்ப பெரியப்பாகிட்ட நோட்டைக் காட்டி, "அந்த மூணாவது கோலை இப்போ எழுதிடலாமா பெரியப்பா?"ன்னு கேட்டேன். "வேண்டாங்கண்ணு"ன்னார். "எழுதாம விட்டதாலதான் எனக்கு அது நல்லா ஞாபகமிருக்குது."

அதனால உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். அன்னைக்கு நீங்க ஸ்டேடியத்துல இருந்திருந்தா, ஃபோன்ல எடுத்த ஒரு மங்கலான வீடியோ, ஒரு டிக்கெட், ஒரு ஜெர்ஸி எதுவா இருந்தாலும் தூக்கிப் போட்டுடாதீங்க. இந்த வரலாற்றுக்கு வேற பெட்டகம் இல்லை.

ரசிகனா இருந்தேனா, இருக்கேனான்னு ஆரம்பத்துல கேட்டேன். நோட்டு என்கிட்ட இருக்கிற வரைக்கும் "இருக்கேன்"னே வெச்சுக்கலாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம். பார்த்துப் போயிட்டு வாங்க.