நீலகிரியில் நெறிபெற்ற ஆட்டம்

விளையாட்டு என்றதும் ஓட்டமும் வேகமுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஓடாமல், வியர்க்காமல், ஒரு மேசையைச் சுற்றி நின்று மணிக்கணக்கில் சிந்தித்து ஆடும் ஸ்நூக்கரைச் சோம்பேறிகளின் பொழுதுபோக்கென்று நம்மவர் ஒதுக்கிவிடுகின்றனர். நாம் சிறுவராயிருந்த நாளில், ரயில்வே இன்ஸ்டிடியூட்டின் பில்லியர்ட்ஸ் அறையை எட்டிப் பார்த்தாலே வீட்டில் வசவு விழும். அவ்வாட்டத்தின் வரலாற்றை அறிந்தோர் அவ்வாறு ஏசமாட்டார். அதில் தமிழ் மண்ணுக்கும் நாம் வாழும் பெங்களூருக்கும் பங்குண்டு.

1875-ஆம் ஆண்டு, ஜபல்பூர் படைமுகாம். மழைக்காலத்தில் வெளியே செல்ல இயலாத ஆங்கில அதிகாரிகள் பில்லியர்ட்ஸ் மேசையில் பணயம் வைத்துப் பலவகை ஆட்டங்கள் ஆடிவந்தனர். அவற்றுள் ஒன்றில் 15 சிவப்புப் பந்துகள் இருந்தன. அவற்றோடு வேறு நிறப் பந்துகளையும் சேர்த்தாலென்ன என்று நெவில் சேம்பர்லைன் என்னும் இளம் அதிகாரிக்குத் தோன்றிற்று. பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமரான சேம்பர்லைன் வேறு, இவர் வேறு. ஒருநாள் பந்தைத் தவறவிட்ட நண்பரை இவர் ‘ஸ்நூக்கர்’ என்று கேலி செய்தார். படைப்பள்ளியில் புதிதாய்ச் சேர்ந்த கற்றுக்குட்டியைக் குறிக்கும் சொல் அது. நண்பர் மனம் நோகாதிருக்க, இவ்வாட்டத்தில் நாம் எல்லோரும் கற்றுக்குட்டிகளே என்றும் சொல்லிவைத்தார். அப்பெயரே ஆட்டத்துக்கு நிலைத்தது.

பின்னர் அவர் சென்னைப் படையின் தலைவர் ராபர்ட்ஸிடம் பணிபுரிந்து, கோடையில் உதகமண்டலம் சென்று தங்கினார். அங்குள்ள ஊட்டி கிளப்பில்தான் ஆட்ட விதிகள் வரையப்பெற்று, பில்லியர்ட்ஸ் அறையில் யாவரும் காண வைக்கப்பெற்றன. பிறந்தது ஜபல்பூரில், நெறிபெற்றது நம் நீலகிரியில்!

இன்று மேசைமேல் உள்ளவை 22 பந்துகள். சிவப்புக்கு 1 புள்ளி, கறுப்புக்கு 7. வெள்ளைப் பந்தால் ஒரு சிவப்பு, பின் ஒரு நிறப்பந்து என மாறி மாறிப் பையில் வீழ்த்த வேண்டும். ஆனால் ஆட்டத்தின் சுவை வீழ்த்துவதில் மட்டும் இல்லை. வாய்ப்பில்லாதபோது வீணே முயலாமல், எதிரி நேராக அடிக்க முடியாதபடி வெள்ளையை மற்றொரு பந்தின் பின்னே மறைத்துவிட்டு விலகி நிற்பதே பெரிய கலை. அம்மறைப்புக்கும் ஸ்நூக்கர் என்றே பெயர். விரைவு வண்டிக்கு வழிவிட்டுச் சரக்கு வண்டியை லூப் லைனில் நிறுத்துவதைத் தினமும் காணும் நமக்கு இது விளங்காததன்று. நிற்பதும் பயணத்தின் ஒரு பகுதியே.

1958-இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக பில்லியர்ட்ஸ் பட்டம் வென்று நாட்டுக்குப் பெருமை தேடித்தந்தார். பெங்களூரில் அரவிந்த் சாவூரிடம் பயின்ற பங்கஜ் அத்வானி, 2003-இல் தம் 18-ஆம் வயதில் சீனாவில் உலக ஸ்நூக்கர் பட்டம் பெற்றார்; இதுவரை 25-க்கு மேற்பட்ட உலகப் பட்டங்கள் அவர் வசம். 2014-இல் இதே பெங்களூரில் நடந்த உலகப் போட்டியில் 14 வயதுச் சீனச் சிறுவன் யான் பிங்தாவ், இறுதியாட்டத்தை 8-7 என்று கடைசிச் சுற்றில் வென்றான். 2017-இல் சிங்கப்பூரில் நடந்த மகளிர் இறுதியாட்டத்தில் கர்நாடக வீராங்கனை வித்யா பிள்ளை 5-6 என்று நூலிழையில் தோற்றார். கடைசிச் சுற்றுவரை கை நடுங்காதிருத்தல் சோம்பேறிக்கு ஆகுமோ?

பொறுத்திருக்கும் திறனை நம் பிள்ளைகள் எங்கே கற்கப்போகின்றனர்? இனி அவர்கள் அவ்வறையை எட்டிப் பார்த்தால் வசவு வேண்டா. பணயம் மட்டும் கூடாதென்று சொல்லி, நாமும் உடன் நின்று ஓராட்டம் முடியும்வரை பார்ப்போம்.