வற்றிய குளத்துக் கொட்டி

வென்றால் ‘நம் குழு’, தோற்றால் ‘அவர்கள் குழு’ என்பாரை நாமறிவோம். கெடாக் காற்பந்துக் குழு 1987 முதல் 1989 வரை மூன்றாண்டும் மலேசியக் கிண்ண இறுதிப் பந்தயத்தில் கோலாலம்பூரிடமே தோற்றது. 1990-இல் சிங்கப்பூரை 3-1 என வென்று அக்கிண்ணத்தை முதன்முறை கைக்கொண்டது. அன்று ஆர்ப்பரித்தோர் பலர். ஆயினும் மூன்று தோல்விகளிலும் விலகாது நின்றோருக்கே அது உரியதென்போம். 2007, 2008 ஆகிய ஈராண்டும் லீக் பட்டமும் இரு கிண்ணங்களும் ஒருசேரக் கிட்டின. 2012-இலோ குழு இரண்டாம் பிரிவுக்குத் தாழ்ந்தது. 2015-இல் அப்பிரிவை வென்று மீண்டது.

நீர் வற்றியதும் பறந்துபோகும் பறவையையும், குளத்தோடே வாடும் கொட்டியையும் ஆம்பலையும் மூதுரையில் பயின்றோமன்றோ? பற்றென்பது கண்மூடித் துதிப்பதன்று. நிர்வாகம் பிழைத்தால் இடித்துரைப்பதும் பற்றே. இடித்துரைத்த பின்னும் விட்டோடாமையே அதன் உரைகல். தோட்டத்துச் சங்கத்திற்கும் பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிக்கும் நாம் செலுத்தவேண்டிய பற்றும் இதுவே.