பேன், ப்ரிவென்ட், பிளாக்: எல்லாமே 'தடை'தானா?

ஆங்கிலச் செய்திகளில் 'பேன்', 'ப்ரிவென்ட்', 'பிளாக்', 'ரெஸ்ட்ரிக்ட்' ஆகிய சொற்கள் அடிக்கடி வரும். தமிழில் சொல்லச் சொன்னால், நம்மில் பலர் நாலுக்கும் 'தடை'ன்னு சொல்லிடுவோம். ஆனால் எது குற்றம், எது குற்றமில்லை என்பதே சில நேரம் இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

'பேன்', 'புரொஹிபிட்'

சட்டமோ அதிகாரமோ "கூடாது" என்று சொல்வது. 'பேன்' தலைப்புச் செய்திகளுக்குப் பிடித்த சொல். சட்டத்திலும் அறிவிப்புப் பலகையிலும் 'புரொஹிபிட்' வரும். தமிழில் தடை, தடை விதித்தல்.

தடை என்றதும் கேட்க வேண்டிய கேள்வி: சரியாக எதற்குத் தடை?

சூயிங் கம்மை எடுத்துக்கொள்வோம். 1992இல் சிங்கப்பூர் தடை செய்தது அதன் இறக்குமதியையும் விற்பனையையும்தான். மெல்வது குற்றம் என்று அந்தத் தடை சொல்லவில்லை. ஆனால் வெளிநாட்டிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவருவதும் இறக்குமதிதான். மருத்துவப் பயனுள்ள சில வகைகளுக்கு 2004இல் விலக்குக் கிடைத்தது.

மின்சிகரெட் கதை வேறு. விற்பனைக்கு ஏற்கெனவே தடை இருந்தது. 2018 பிப்ரவரி 1 முதல் வாங்குவது, வைத்திருப்பது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம். "நான் விற்கலையே, நண்பனோடது, சும்மா வச்சிருந்தேன்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

'ப்ரிவென்ட்'

இது நடக்காமல் பார்த்துக்கொள்வது. இதற்குச் சட்டம் தேவையில்லை. டெங்கியை யாரும் 'பேன்' பண்ண முடியாது. பூச்சாடித் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டி, கொசு பெருகாமல் தடுக்கலாம். தமிழில் தடுத்தல், தடுப்பு.

இதை 'அவாய்ட்' உடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். விபத்து நேராமல் செய்வது தடுப்பது. நெரிசலான பாதையை விட்டு வேறு வழியில் போவது தவிர்ப்பது.

'பிளாக்'

வழியை அடைப்பது. மோசடிக்காரர் பயன்படுத்தும் எண்களிலிருந்து வரும் அழைப்புகளை ஸ்கேம்ஷீல்ட் செயலி 'பிளாக்' செய்யும். அவர் புது எண்ணில் அழைத்தால்? அதனால் 'பிளாக்' பண்ணிட்டோம் என்பதற்காக மோசடியையே தடுத்துவிட்டதாக நினைக்க முடியாது. தமிழில் முடக்குதல், மறித்தல்.

'ரெஸ்ட்ரிக்ட்', 'பார்'

'ரெஸ்ட்ரிக்ட்' என்றால் கட்டுப்பாடு. முழுத் தடை இல்லை, எல்லை உண்டு. 2015 ஏப்ரல் முதல் பொது இடங்களில் இரவு 10.30 முதல் காலை 7 மணி வரை மது அருந்தக் கூடாது. மற்ற நேரத்தில் பொதுவாக அனுமதி உண்டு.

'பார்' பெரும்பாலும் ஆட்களைப் பற்றியது. 21 வயதுக்குக் கீழுள்ளவர்கள் இங்குள்ள சூதாட்டக்கூடத்துக்குள் நுழைய முடியாது. இடம் எல்லாருக்கும் மூடப்படவில்லை. குறிப்பிட்டவர்களுக்கு மட்டும் அனுமதி மறுப்பு.

ஆங்கிலத்தில் எழுதும்போது

'பேன்', 'புரொஹிபிட்', 'ப்ரிவென்ட்', 'பார்' ஆகியவற்றின் பின் ஆளைக் குறிப்பிட்டால் 'ஃப்ரம்' வரும். அடுத்த வினைச்சொல் 'இங்' என்று முடியும். 'ஃபர்பிட்' மட்டும் வழக்கமாக 'டு' கேட்கும்.

அடுத்த முறை 'தடை' என்று படித்தால் மூன்றைக் கவனியுங்கள்: யார் சொன்னது? எதற்குத் தடை: விற்கவா, வைத்திருக்கவா, பயன்படுத்தவா? எல்லாருக்குமா, எப்போதுமா?

"எனக்குத் தெரியாதே" என்று பிறகு சொல்வதைவிட, முன்பே அந்தச் சொல்லைச் சரியாகப் படிப்பது நல்லது.