முன்னுடல் தசையும் பூம்பாறை வரப்பும்: கேடயவால் பாம்பின் எல்லை பற்றிய ஒரு மறுவாசிப்பு

பழனி மலையின் மேல்தளத்துக் கேடயவால் பாம்புகளைப் பற்றிய எழுத்தில் ஒரு முடிவு ஏறக்குறைய கேள்வியின்றி நிலைத்துவிட்டது. மண்ணைத் துளைப்பதற்கென்றே அமைந்த உடல் சோலைக்காட்டின் இளகிய ஈரமண்ணில் மட்டுமே உதவும்; எனவே பூம்பாறை போன்ற ஊர்களின் படிக்கட்டு வயல்கள் இவற்றுக்கு வாழிடமே அல்ல என்பது அந்த முடிவு. பெடோம் 1863இல் விவரித்த யூரோபெல்டிஸ் புல்னியென்சிஸ் இம்மலையின் பெயரையே தாங்கியிருப்பதால், காட்டின் அளவு குறையக் குறைய இதன் எண்ணிக்கையும் அதே விகிதத்தில் குறையும் என்ற கணக்கு எளிதாகப் போடப்படுகிறது. காட்டுக்கும் புல்வெளிக்கும் நேர்ந்த இழப்பை நான் மறுக்கவில்லை. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, பழனி மலையின் உயர்நிலப் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களுக்கும் வேளாண்மைக்கும் போய்விட்டதைக் காட்டியிருக்கிறது. நான் மறுப்பது, பாம்பின் உடலமைப்பை அந்தக் கணக்குக்குச் சாட்சியாக நிறுத்துவதை. அந்த உடல் சொல்லும் சாட்சியம் வேறு.

விவாதத்தின் மையத்தில் இருப்பது கார்ல் கான்ஸும் அவருடைய இரு சக ஆய்வாளர்களும் 1978இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சிறிய கட்டுரை. கேடயவால் பாம்புக் குடும்பத்தின் முன்னுடல் தசை மயோகுளோபினும் மைட்டோகாண்ட்ரியாவும் செறிந்து சிவந்திருக்கிறது. பின்னுடல் தசை வெளிறியிருக்கிறது. சரக்கு ரயிலில் எஞ்சின் முன்னால் நின்று பெட்டிகளை இழுப்பதுபோல, முன்பகுதி துளைக்க, பின்பகுதி இழுபட்டு வருகிறது என்று அவர்கள் இதை விளக்கினார்கள். துளைக்கும் முறையும் நுட்பமானது. தளர்ந்த தோலுக்குள்ளேயே முதுகெலும்பு வளைந்து மடிகிறது. அதனால் உடல் பருத்துச் சுரங்கச் சுவரில் இறுகிக்கொள்கிறது. பிறகு அந்த வளைவுகள் நிமிரும்போது கூரிய தலை முன்னால் செலுத்தப்படுகிறது. மண்டை ஓடு கழுத்தெலும்போடு பொருந்தும் மூட்டு இதற்கேற்பத் தனித்தன்மை கொண்டிருப்பதை வில்லியம்ஸ் 1959லேயே எழுதியிருந்தார். பின்வந்தவர்கள் ரயில் உவமையை எடுத்துக்கொண்டு அளவீட்டை விட்டுவிட்டார்கள் என்பதே என் குறை. மயோகுளோபின் செறிந்த தசை நீடித்த உழைப்புக்கு உரியது. களைக்காமல் மீண்டும் மீண்டும் சுருங்கக்கூடியது. இளகிய இலைமட்கில் நழுவிச் செல்ல மட்டும் இத்தனை ஏற்பாடு எதற்கு? எதிர்க்கும் மண்ணில் தொடர்ந்து வேலை செய்யும் விலங்குக்கே இப்படியொரு தசை பொருத்தமாகும். ஆக, 1978இன் தரவு இப்பாம்பை மென்மண்ணுக்குள் அடைக்கவில்லை. மண்ணின் கடினத்தைப் பெரும்பாலும் ஈரமே தீர்மானிப்பதால், அதை அடைப்பது மரநிழலைவிட ஈரம்தான் என்று கருத இடமிருக்கிறது.

ஆனால் இதே பொறியமைப்பு தரைக்கு மேலே வந்தவுடன் கைவிட்டுவிடுகிறது. உடலைப் பருக்கவைத்து இறுக்கிக்கொள்ளச் சுற்றிலும் சுவர் வேண்டும். திறந்த தரையில் சுவர் இல்லை. முன்பக்கச் செதில்களின் நுண்வரிகள் மண் ஒட்டாமல் உதிர்க்க உதவுகின்றன. வால்நுனியின் சொரசொரப்பான கேடயமோ மண்ணைப் பிடித்துவைத்துச் சுரங்கத்தைப் பின்னாலிருந்து அடைக்கிறது. இவ்விரண்டும் சுரங்கத்துக்குள் மட்டுமே பொருள்படும் ஏற்பாடுகள். (வாலைத் தலையென்று காட்டி எதிரியை ஏமாற்றுகிறது என்ற பழைய விளக்கம் சரியாகவே இருக்கலாம், இடப்பெயர்ச்சி பற்றிய கேள்விக்கு அதனால் பயனில்லை.) மழைக்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைச் சாலைகளில் கேடயவால் பாம்புகள் நசுங்கிக் கிடப்பது பலமுறை பதிவாகியிருக்கிறது. மண்ணுக்குள் அவ்வளவு வலிமையான உடல் தார்ச்சாலையில் பிடிப்பின்றித் துழாவுகிறது. உடலமைப்பிலிருந்து ஓர் எல்லையை வரைய வேண்டுமானால், அந்தக் கோடு காட்டுக்கும் வயலுக்கும் நடுவே அல்ல, துளைக்கக்கூடிய பரப்புக்கும் துளைக்க முடியாத பரப்புக்கும் நடுவே விழும்.

இதற்கு எழும் வலுவான மறுப்பு, மலைக்கு மலை இனங்கள் வேறுபடுவது. இவை தாண்டிச் செல்ல இயலாதவை என்பதற்கு அதுவே சான்று என்பார்கள். உண்மைதான், ஆனால் அந்தச் சான்று மலைகளுக்கு இடையேயுள்ள வெப்பமான வறண்ட சமவெளியையும் நெடிய பரிணாமக் காலத்தையும் பற்றியது. ஒரு வரப்பைக் கடக்க முடியுமா என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது. இரண்டாவது மறுப்பு, தேயிலை, காபி, ஏலத் தோட்டங்களிலும் வீட்டுத் தோட்டங்களிலும் மண் வெட்டும்போது அகப்படும் பாம்புகள் காட்டிலிருந்து வழிதவறி வந்தவை என்பது. இங்கே வாதம் தன்னையே வெட்டிக்கொள்கிறது. நகரவே இயலாத விலங்கு என்று ஒரு பக்கம் சொல்லிவிட்டு, அது நெடுந்தொலைவு ஊர்ந்து தோட்டத்துக்குள் வந்தது என்று மறுபக்கம் சொல்லக் கூடாது. மேற்பரப்பில் அது வலுவற்றது என்பதை ஏற்றால், அகப்படும் இடத்திலோ மிக அருகிலோதான் அது வாழ்கிறது என்பதையும் ஏற்றாக வேண்டும். சில இனங்களின் தசையைக் கொண்டு முழுக் குடும்பத்துக்கும் பேசுவது பற்றிய தயக்கம் நியாயமானது. பழனி மலை இனங்களின் தசையைத் தனியே அளந்து பார்ப்பது நல்லதே. ஆனால் தலையின் கூர்மையும் கழுத்து மூட்டும் இக்குடும்பத்தின் பொதுச்சொத்தாக இருக்கையில், முடிவு தலைகீழாக மாறும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இந்த வாசிப்போடு பூம்பாறையைப் பார்த்தால் நிலம் வேறுவிதமாகப் பிரிகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு விளையும் படிகளில் மண்வெட்டி ஆண்டுக்கு இரு போகம் புரட்டுகிறது. அந்தத் தளத்தில் பாம்பு நிலைத்து வாழும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு படிக்கும் அடுத்ததற்கும் நடுவே வரப்பும் கல்கட்டும் இருக்கின்றன. அவை உழப்படுவதில்லை, மேற்படியின் நீர் கசிந்து இறங்குவதால் ஈரம் காக்கின்றன. தொழுவுரம் இட்ட மண்ணில் மண்புழு பெருகும். மண்புழுதான் இப்பாம்பின் முதன்மை உணவு. இதற்கு மாறாக, காடு என்றே கணக்கில் வரும் யூகலிப்டஸ் தோட்டத்தில் நீரை உறிஞ்சும் வேரும் மட்காத சருகும் கோடையில் மண்ணை இறுக்கிவிடக் கூடும். மரமூடியை மட்டும் அளக்கும் வரைபடம் இந்த இரண்டையும் தவறான பக்கத்தில் வைக்கிறது. பூச்சிக்கொல்லி மண்புழுவைக் குறைத்தாலோ, கல்கட்டை இடித்துச் சிமென்ட் சுவர் எழுப்பினாலோ என் வாதத்தின் இந்தப் பகுதி சரிந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதனால்தான் கணக்கெடுப்பு சோலையின் விளிம்போடு நின்றுவிடாமல், பூம்பாறையிலிருந்து மன்னவனூர் செல்லும் சாலையின் இருபுறமும் உள்ள வரப்புகளை மழைக்கு முன்னும் பின்னும் தோண்டிப் பார்க்க வேண்டும். சாலையின் ஒரு பக்கத்துப் பாம்புகளும் மறுபக்கத்தவையும் மரபணுவில் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பதை, இடையில் வயல் மட்டுமே உள்ள இரு இடங்களின் விலகலோடு ஒப்பிட வேண்டும். முதலாவது விலகலே பெரிதாக இருக்கும் என்று உடலமைப்பை வைத்து நான் கணிக்கிறேன்.